இருபத்தேழாவது வரி

படிவம் முதலில் கேட்பதெல்லாம் எளிது.
என்ன ஓடுகிறது? வெந்நீர்.
எவ்வளவு? மணிக்கு அறுபது கனமீட்டர்,
தை மாதக் குளிரில் டார்கான் நகரமே
ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது.
வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம்?
இரண்டேகால் பார்.
அதன் வர்க்கமூலம் ஒன்றரை.
அறுபதை ஒன்றரையால் வகுத்தேன்.
நாற்பது.
அதன் தொண்டைக்கு அவ்வளவு போதும்.

மேலாளர் கான்பாத்,
"குளிர் நம் கணக்கைப் படித்ததில்லை, நரன்ஜர்கல்" என்று
நாற்பத்தெட்டு ஆக்கினார்.
தலைநகரக் கொள்முதல் அலுவலகம்
ஊர் வளரும் என்று அறுபது ஆக்கியது.
விற்பவரிடம் அறுபது இல்லை,
நூறு இருந்தது,
கிடங்கில், உடனே, தள்ளுபடியில்.
ஒரு பானையில் மூன்று பேர் உப்புப் போட்டால்
யாரைத் திட்டுவது?
மூவரும் நல்லவர்கள்.

அக்டோபரில் நகரம் கேட்டது பன்னிரண்டு கனமீட்டர்.
நூறு கொள்ளும் வால்வில் அதற்கு
எட்டுச் சதவீதத் திறப்பு.
இருக்கையிலிருந்து ஒரு மயிரிழை எழும்பி
அந்தரத்தில் நின்றது அடைப்பான்.
தண்டைச் சுற்றிய கிராஃபைட் அதை இறுகப் பிடித்தது.
கட்டுப்பாட்டுக் கருவி மெல்லக் கேட்டது, அசையவில்லை.
இன்னும் கேட்டது. அசையவில்லை.
பிறகு ஒரு துள்ளல்,
வேண்டியதைத் தாண்டி.
"அதிகம், அதிகம்" என்று திரும்ப அழைத்தால்
மறுபடி பிடிவாதம், மறுபடி துள்ளல்.

என் திரையில் அலை அலையாகக் கோடு.
உணரியை மாற்றினேன். கேபிளைச் சந்தேகித்தேன்.
இரண்டு இரவுகள் எண்களைத் திருகினேன்.

நான்காம் எண் மழலையர் பள்ளியின்
சமையற்காரி செர்மா நேரே வந்தாள்,
மாவுச் சாக்கின் பின்பக்கத்தில் கரித்துண்டால் எழுதிக்கொண்டு:
எட்டுப் பத்து, சூடு.
எட்டுப் பதினாறு, ஆறிப்போச்சு.
எட்டு இருபத்தொன்று, சூடு.
"உங்கள் தண்ணீருக்கு என்ன, முறைக் காய்ச்சலா?"

பதினொரு நிமிடம்.
திரையில் அலைக்கும் அலைக்கும் இடையே
நான் அளந்ததும் அதே பதினொன்று.
சாக்கை மடித்துக் கோப்பில் வைத்தேன்.
கான்பாத் அதைப் பார்த்து
வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார்.

உடல் அப்படியே இருக்கட்டும், உள்ளே மட்டும் மாற்றுவோம்
என்று முடிவாயிற்று.
ஐம்பது கொள்ளும் சின்ன இருக்கை.
நேர்கோட்டு அடைப்பானுக்குப் பதில் வளைந்த இடுப்புள்ள ஒன்று:
ஒவ்வொரு அடி ஏறும்போதும்
ஏற்கெனவே ஓடுவதில் ஒரே விகிதம் கூட்டும்.
கொஞ்சம் ஓடினால் கொஞ்சம்,
நிறைய ஓடினால் நிறைய.
எட்டு வேண்டுமென்றால் இனிப் பாதி எழும்பி நிற்கும்,
நெஞ்சு நிமிர்ந்து, கைகால் வீச இடத்தோடு.

மறுபடியும் படிவம்.
சென்ற முறை பழைய தாளைப் பார்த்து நிரப்பிய வரியில்
இம்முறை பேனா நின்றது.
இருபத்தேழு: காற்று நின்றுபோனால்?
மூன்று கட்டங்கள்.
திற. மூடு. இருந்த இடத்தில் இரு.
பழைய தாள் சொன்னது, மூடு.

மூடினால் ஒரு மணி நேரத்தில்
வடக்குக் குடியிருப்பின் குழாய்கள் உறையும், பிளக்கும்.
திறந்தால் கொதிக்கும்.
செர்மாவிடம் போனில் கேட்டேன்.
"பிள்ளைகள் கை வைப்பார்களே" என்றாள்.
கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம்.
"ரேடியேட்டருக்கு மரச்சட்டம் அடித்துத் தா. பிறகு திற."

மரச்சட்டம் எந்தப் படிவத்திலும் இல்லாததால்
என் சம்பளத்தில் அடித்தேன்.
ஸ்பிரிங்கைத் திருப்பிப் பூட்டினோம்:
காற்று மூடும், ஸ்பிரிங் திறக்கும்.

ஜனவரி பத்தொன்பது, மைனஸ் முப்பத்தேழு.
காற்றுக் குழாயில் தங்கிய ஈரம் உறைந்து
நள்ளிரவில் அழுத்தம் செத்தது.
நான் கட்டுப்பாட்டு அறையை அடைவதற்குள்
ஸ்பிரிங் தன் வேலையை முடித்திருந்தது.

விடியும்வரை தொலைபேசியில் வசவு.
வெளியே வந்து பார்த்தேன்:
ஒன்பது மாடிக் கட்டடங்களில்
ஜன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து
ஆவி பறந்துகொண்டிருந்தது.
பனியனோடு ஒருவர் பால்கனியில் நின்று
என் வம்சத்தையே திட்டினார்.

நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள் வரை எண்ணினேன்.
அதற்குள் விரல் மரத்துவிட்டது.